காலிக் கோட்டை: மதிலேறி நடக்க ஒரு மாலையும் ஒரு காலையும்

காலிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, நண்பகலில் போய் இறங்குவது. கொழும்பிலிருந்து காலையில் கிளம்பினால் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் கோட்டை வாசலை அடைய முடியும். மதில்மேல் நிழல் என்று எதுவும் கிடையாது. கல்லும் பவளப்பாறையும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சுவர் காலை முழுதும் வாங்கிய வெயிலை அப்படியே திருப்பித் தரும். கால் மணி நேரம் மதிலில் நின்றுவிட்டு, கலங்கரை விளக்கத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, குளிரூட்டிய கடை ஒன்றில் ஒதுங்கி, மூன்று மணிக்கு வண்டி ஏறிவிடுவார்கள். கோட்டை அழகாகத் தொடங்கும் நேரம் அது.

ஆகவே கணக்கை மாற்றிப் போடுங்கள். பிற்பகல் மூன்று மணியளவில் போய்ச் சேர்ந்து, ஓர் இரவு உள்ளேயோ பக்கத்திலோ தங்கி, மறுநாள் நண்பகலுக்குள் கிளம்பிவிடுங்கள். மொத்தம் இருபது மணி நேரம்தான். அதற்குள் ஒரு சூரிய அஸ்தமனமும் ஓர் உதயமும் கிடைத்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

பெயரில் ஏமாற வேண்டாம்

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று பெயர்கள் குழப்பம் தரும். ‘காலி முகத்திடல்’ கொழும்பில் உள்ள கடற்கரைத் திடல். ‘காலி வீதி’ கொழும்பிலிருந்து தெற்கே ஓடும் நெடுஞ்சாலை. ‘கோட்டை’ என்று மட்டும் சொன்னால் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள வணிகப் பகுதியையும்தான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் போகும் ஊர் ‘காலி’. சிங்களத்தில் ‘காலு கொட்டுவ’ என்று கேட்டால் காலிக் கோட்டைக்கு வழி சொல்வார்கள். தங்குமிடத்தை இணையத்தில் பதியும்போது ‘கோட்டை’ என்ற சொல்லை நம்பாமல் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். கொழும்பில் அறை எடுத்துவிட்டு, 115 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் காலிக்கு வந்து தேடுவது வீண் அலைச்சல்.

எப்போது போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். மழை நாள் முழுதும் பெய்யாது, ஆனால் கடல் மூர்க்கமாக இருக்கும், மதிலின் புல் வழுக்கும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழைக்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் போயா விடுமுறை. அன்று அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், மது விற்கமாட்டார்கள், ரயிலிலும் பேருந்திலும் கூட்டம் நெரியும். போயா வெள்ளி அல்லது திங்களில் வந்து நீண்ட விடுமுறையானால் கோட்டைக்குள் அறை கிடைப்பதே கடினம். ஆண்டின் தொடக்கத்தில் இலக்கிய விழா நடக்கும் நாட்களிலும் வாடகை ஏறிவிடும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மின்னணுப் பயண அனுமதி விதிகளைக் கிளம்பும் வாரத்தில் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அவை அடிக்கடி மாறுகின்றன.

போய்ச் சேர்தல்

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து கரையோர ரயில்தான் முதல் தேர்வு. இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். தெற்கு நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னல், திரும்பும்போது இடப்பக்க ஜன்னல். பாதி வழிக்குக் கடல் தண்டவாளத்துக்கு அருகிலேயே ஓடிவரும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரேலிய என்ற இடத்தைக் கடப்பீர்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஒரு ரயில் முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த இடம் அது. நினைவுச் சின்னம் பாதையோரமே இருக்கிறது.

மாலை நான்கரைக்கு மேல் கொழும்பிலிருந்து கிளம்பும் வண்டிகளில் அலுவலகக் கூட்டம் ஏறும். பெட்டி படுக்கையோடு அதில் நுழைய முயலாதீர்கள். நண்பகலை ஒட்டிய வண்டியில் ஏறினால் மூன்று மணிக் கணக்கு சரியாக வரும். காலியிலிருந்து மேலும் மாத்தறை போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலி நிலையம் முட்டுச்சந்து மாதிரி. ரயில் உள்ளே வந்து, வந்த பக்கமாகவே திரும்பி வெளியேறும். கொழும்புக்கே திரும்பிப் போகிறதோ என்று பதறி இறங்கிவிடாதீர்கள். கடல் மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறிவிடும்.

அவசரம் என்றால் பேருந்து. கொழும்பின் புறநகரான மாகும்புரவிலிருந்து தெற்கு அதிவேகப் பாதை வழியே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காலி வந்துவிடும். ஆனால் கொழும்பு நகருக்குள்ளிருந்து மாகும்புர போய்ச் சேரவே நெரிசலில் ஒரு மணி நேரம் கழியலாம். அதையும் கூட்டினால் ரயிலோடு பெரிய வித்தியாசம் இல்லை. கொழும்பின் புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே வரும் 2-ஆம் எண் பேருந்து மலிவானது. ஊர் ஊராக நின்று மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் வருகிறவர்கள் அதிவேகப் பாதைகளை மட்டுமே பிடித்து, கொழும்புக்குள் நுழையாமல் வரலாம். ஓட்டுநரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

காலி ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் இறங்கினால் கோட்டை கண்ணுக்கெதிரே தெரியும். கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிப் பத்து நிமிடம் நடந்தால் வாசல். சுமை இருந்தால் மட்டும் ஆட்டோ எடுங்கள். செயலி வழியே பிக்மி வண்டி கூப்பிட்டால் பேரம் இல்லை. நிலைய வாசலில் வலிய வந்து “உங்கள் ஓட்டல் மூடிவிட்டார்கள், வேறு இடம் காட்டுகிறேன்” என்று யாராவது சொன்னால், முதலில் ஓட்டலுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தரகுக்காகச் சொல்லும் பழைய பேச்சு அது.

கோட்டையை எப்படிப் படிப்பது

நடப்பதற்கு முன் இதை மனதில் வாங்கிக்கொண்டால் கல் பேசும். காலி ஒரு பாறை முனை. மூன்று பக்கம் கடல், வடக்கே மட்டும் நிலத்தோடு ஒட்டியிருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் அந்த வடக்குக் கழுத்தைத்தான் முதலில் அடைத்தார்கள். கடற்பக்கத்தைப் பாறைகள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். 1640-இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்கள் (டச்சுக்காரர்கள்) நாற்புறமும் மதிலை வளைத்து, பதினான்கு கொத்தளங்களோடு இன்று காணும் வடிவைக் கொடுத்தார்கள். வடக்கு மதில் பிற பக்கங்களைவிட இரட்டைப் பருமனாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பீரங்கியோடு ஒரு படை நடந்து வரக்கூடிய திசை அது ஒன்றுதான்.

1796-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற வந்து நிற்கும் முக்கியத் துறைமுகமாகச் சில பத்தாண்டுகள் செழித்தது. பிறகு கொழும்புத் துறைமுகத்தில் அலைதாங்கி கட்டியதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. வளர்ச்சி நின்றதால்தான் ஒல்லாந்தர் காலத் தெருக்கள் இடிபடாமல் மிஞ்சின. 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இது வெறும் காட்சிப் பொருள் இல்லை. பள்ளிக்கூடம், நீதிமன்றம், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், வீடுகள் எல்லாம் உள்ளே இயங்குகின்றன. திறந்த கதவுக்குள் எட்டிப் பார்க்கும் முன் அது கடையா வீடா என்று கவனியுங்கள்.

மாலை: மதில் நடை

நுழைவுச் சீட்டு இல்லை, மூடும் நேரம் இல்லை. யாராவது மதிலேறக் காசு கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சுற்று முழுதும் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும். நிற்காமல் நடந்தால் முக்கால் மணி நேரம், பார்த்துப் பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம். சூரியன் மறைவது நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பாக, ஜூலையில் ஆறரையை ஒட்டி. மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள அடிப்பாகம் கொண்ட செருப்பு அல்லது ஷூ, காற்றில் பறக்காத தொப்பி போதும். மதில்மேல் குடை பிடித்து நடக்க முடியாது, கடற்காற்று பிய்த்துவிடும்.

1873-இல் ஆங்கிலேயர் வெட்டிய பிரதான வாசலுக்குள் நுழைந்து, வலப்பக்கம் மணிக்கூண்டை நோக்கி ஏறுங்கள். அதுதான் சந்திரன் கொத்தளம். கூண்டு 1883-இல் வைத்தது. இங்கிருந்து வெளிப்பக்கம் பார்த்தால் கிரிக்கெட் மைதானம் உள்ளங்கை போலத் தெரியும். 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டில், இந்தியாவுக்கு எதிராக, 800-ஆவது விக்கெட்டை எடுத்த ஆடுகளம் இதுதான். டெஸ்ட் போட்டி நாட்களில் இந்த மதிலே இலவசக் காட்சிமேடை ஆகிவிடும். ஆழிப்பேரலை இந்த மைதானத்தையும் பேருந்து நிலையத்தையும் மூழ்கடித்தது. மதிலுக்குப் பின்னால் கோட்டையின் பெரும்பகுதி தப்பித்தது. இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடம் இது. இங்கே சற்று நின்று அந்தச் சுவரின் பருமனைப் பாருங்கள்.

அங்கிருந்து மேற்கே நட்சத்திரக் கொத்தளம். அதைத் தாண்டி ஏயோலஸ் கொத்தளம் வரை ராணுவ முகாம் உண்டு. முகாமின் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோனை இலங்கையில் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. அதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஏயோலஸிலிருந்து கிளிப்பன்பர்க், நெப்டியூன், ட்ரைட்டன் வரை மேற்கு மதில். மாலை நடையின் உயிர் இந்தப் பகுதிதான். இடப்பக்கம் ஓட்டுக் கூரைகள், வலப்பக்கம் திறந்த கடல். அவசரப்படாதீர்கள். ட்ரைட்டனில் ஒரு காலத்தில் காற்றாலை இருந்தது. கடல்நீரை ஏற்றித் தெருப்புழுதி அடங்கத் தெளிக்க ஒல்லாந்தர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். சூரியன் மறைவதைப் பார்க்க ட்ரைட்டனே சிறந்த இடம் என்பது எங்கள் தேர்வு. கூட்டம் தெற்கு முனையான கொடிப்பாறையில்தான் சேரும்.

கொடிப்பாறையில் உள்ளூர் இளைஞர்கள் காசுக்காக மதிலிலிருந்து கடலில் குதித்துக் காட்டுவார்கள். பாறைகளுக்கு நடுவே எந்த இடத்தில் ஆழம் என்பது அவர்களுக்குச் சிறுவயது முதல் பழக்கம். பார்த்துவிட்டு நாமும் குதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மதிலுக்கு வெளிப்புறம் கைப்பிடிச் சுவரும் கம்பியும் பல இடங்களில் இல்லை. செல்ஃபிக்காகப் பின்னால் ஓரடி வைப்பதுதான் இங்கே நடக்கும் விபத்துகளுக்கு வழி. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டியபின் கடலோர ஓரத்தில் நடக்காமல் உட்புறப் புல்வெளிக்கு இறங்கிவிடுங்கள். குடைக்குள் அமர்ந்திருக்கும் இளம் இணைகளைப் படம் எடுக்காமல் கடந்து போவது மரியாதை.

அடுத்து உட்ரெக்ட் கொத்தளத்தில் 1939-இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம். ஏறிப் பார்க்க அனுமதி கிடையாது. அதன் கீழே சின்னக் கடற்கரை. அலை அடங்கிய மாதங்களில் முழங்கால், இடுப்பளவு நீரில் குளிக்கலாம். அடியில் பாறை இருப்பதால் ரப்பர் செருப்போடு இறங்குங்கள். பருவக்காற்று மாதங்களில் இறங்கவே வேண்டாம்.

கிழக்கு மதில் துறைமுகத்தைப் பார்த்தது. அரோரா, அக்கர்ஸ்லூட் வரை போய், மரங்கள் நிழல்விரிக்கும் நீதிமன்றச் சதுக்கத்துக்குள் இறங்கிவிட வேண்டும். வடகிழக்கில் மதில் தொடர்ச்சியாக நடக்கும்படி இல்லை. இதைத் தெரியாமல் சுற்றை எதிர்த்திசையில் தொடங்குகிறவர்கள் ஆரம்பத்திலேயே வழி தடுமாறுவார்கள். சூரியனும் நெற்றிக்கு நேரே வந்துவிடும்.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் முழுச் சுற்றை விட்டுவிடலாம். ராம்பார்ட் ஸ்ட்ரீட் பக்கம் தெருவிலிருந்து புல்மேட்டுக்குச் சரிவாகவே ஏற இடம் உண்டு. மேற்குக் கடல் முழுதும் அங்கிருந்தே தெரியும்.

காலை: தெருக்கள்

ஆறரை மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை தெரு அங்கே வாழ்கிறவர்களுடையது. பள்ளிப் பிள்ளைகள், பாண் (ரொட்டி) விற்கும் வண்டி, முற்றம் பெருக்கும் சத்தம். தூண் வைத்த திண்ணைகளையும் உயரமான மரக்கதவுகளையும் நின்று பார்க்க நேரம் இதுதான்.

முதலில் பழைய வாசலுக்குப் போங்கள். வெளிப்பக்கம் ஆங்கிலேய அரச முத்திரை. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு ரோம எண்ணில். பலர் உள்ளே வந்ததும் நேராக நடந்துவிடுவதால் இதைத் தவறவிடுகிறார்கள். ‘காலி’யைப் போர்த்துக்கீச மொழியில் சேவலைக் குறிக்கும் ‘காலோ’ என்ற சொல்லோடு இணைத்துச் சொல்லும் கதைதான் அந்தச் சேவலுக்கு விளக்கமாக ஊரில் வழங்குகிறது.

சர்ச் ஸ்ட்ரீட்டின் தலைப்பில் 1755-இல் கட்டிய ஒல்லாந்தச் சீர்திருத்தத் தேவாலயம். தரையே கல்லறைக் கற்களால் ஆனது. மண்டையோடும் மணற்கடிகையும் செதுக்கிய கற்கள்மேல் மெல்ல நடங்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள், ஓட்டுக்கூரைப் பராமரிப்புக்கு அது உதவும். லேன் பான் ஸ்ட்ரீட் என்றால் கயிறு திரிக்கும் தெரு. கப்பலுக்கு வேண்டிய கயிறு இங்கே முறுக்கப்பட்டது.

தெற்கு முனையில், கலங்கரை விளக்கத்துக்கு எதிரே, தூரத்திலிருந்து தேவாலயம்போலத் தெரியும் வெள்ளைக் கட்டடம் மீரான் ஜும்மாப் பள்ளிவாசல். இந்தச் சுற்றுவட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாகக் கோட்டைக்குள் வாழ்பவை. சோனகர் எனப்படும் இந்த இலங்கை முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ் என்பதால், சிறு கடையில் தமிழில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் தமிழிலேயே வரும், வழியும் நல்ல சாப்பாட்டுக் கடையும் சேர்ந்தே கிடைக்கும். பள்ளிவாசலுக்குள் போக விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, தோளும் முழங்காலும் மறைய உடுத்துப் போங்கள். வெள்ளி நண்பகல் வேண்டாம். கோட்டைக்குள் உள்ள பௌத்த விகாரைக்கும் இதே உடை ஒழுங்குதான். அங்கே புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதை இலங்கையில் கடுமையான அவமதிப்பாகக் கருதுவார்கள்.

வெயில் ஏறியதும், பத்தரை மணி போல், பழைய வாசலை ஒட்டிய கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். ஒல்லாந்தரின் பண்டகசாலைக் கட்டடம் அது. 1659-இல் காலித் துறைமுகத்திலேயே மூழ்கிய ‘ஆவொண்ட்ஸ்டர்’ கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் இங்கே இருக்கின்றன. ஆழிப்பேரலையில் அடிபட்டு மறுபடி எழுந்த இடம் என்பதையும் நினைவில் வைத்துப் பாருங்கள். முக்கால் மணி நேரம் போதும். அரசு விடுமுறை நாட்களில் மூடியிருக்கும்.

வாங்குவது, சாப்பிடுவது

கோட்டைக்குள் எங்கு திரும்பினாலும் நகைக்கடை. ஆட்டோக்காரரோ ‘வழிகாட்டி’யோ அழைத்துப் போகும் கடையில் விலையோடு தரகும் சேர்ந்திருக்கும். தெருவில் கையில் காட்டி விற்கும் கற்களை வாங்காதீர்கள். உண்மையிலேயே நீலக்கல் வாங்குவதென்றால், கொழும்பில் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையில் சோதித்துப் பார்த்தபின் பணம் தருவதாகச் சொல்லுங்கள். தயங்கும் கடையை விட்டுவிடுங்கள். நினைவுக்கு ஒன்று வேண்டுமென்றால், குச்சிகளைக் கோத்துப் பின்னும் ‘பீரளு’ லேஸ் பின்னல் இந்தக் கரையோரத்தின் சொந்தக் கைவேலை. பின்னுகிற பெண்ணிடமே வாங்குங்கள். இயந்திரத்தில் நெய்ததில் முடிச்சுகள் ஒரே சீராக இருக்கும், கைப்பின்னலில் சிறு ஏற்றத்தாழ்வு தெரியும்.

கோட்டைக்குள் சாப்பாடு விலை அதிகம், வெளியே ஊருக்குள் பாதிக்கும் குறைவு. மதியம் பேருந்து நிலையப் பக்கம் சோறும் கறியும், இரவில் கொத்து ரொட்டி அல்லது ஆப்பம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் மாசிக்கருவாடு போடாமல் தரச் சொல்லுங்கள். சம்பலிலும் பல கறிகளிலும் அது சேர்ந்தே இருக்கும். நடையின்போது செவ்விளநீர் எங்கும் கிடைக்கும். பொதுக் கழிப்பறை குறைவு, ஆகவே உணவகத்திலோ அருங்காட்சியகத்திலோ வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில்

கொழும்பு வழியாகத்தான் திரும்புவீர்கள் என்றால், தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1911-இல் காலியில் ஒரு சாக்கடைப் பாலத்தின் மூடியாகக் கிடந்து கிடைத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1409 என்ற காலக்குறிப்போடு, சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தில் கொண்டுவந்து நாட்டியது. ஒரே கல்லில் மூன்று மொழிகள், மூன்று தெய்வங்களுக்குக் காணிக்கை. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரைக் கோயிலின் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு. எழுத்துகள் தேய்ந்திருப்பதால் நேருக்கு நேர் நின்றால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் ஒளி விழும் கோணத்தில் நின்று, இடப்பக்கத்தின் மேற்பாதியைப் பாருங்கள். தமிழ் அங்கேதான் இருக்கிறது.